டாம்பாவில் ஹரிக்கேன் வந்தால் வீட்டிலேயே இருக்கலாமா, கிளம்பிவிட வேண்டுமா?

பண்ருட்டிப் பலா:

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் பல வருடம் பனி தள்ளிக்கொண்டிருந்துவிட்டு இந்த மார்ச்சில்தான் ஃபுளோரிடாவின் டாம்பாவுக்குக் குடிவந்தோம். நியூ டாம்பா பக்கம் தனி வீடு, தரைத்தளம் மட்டும், 2004இல் கட்டியது. நான், மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், கூடவே ஊரிலிருந்து வந்து அக்டோபர் வரை இருக்கப்போகிற அப்பா அம்மா. அம்மா தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்.

ஜூன் பிறந்ததிலிருந்து எங்கே போனாலும் ஹரிக்கேன் பேச்சுதான். ஆபீஸில் ஒருவர் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர், எதற்கும் வீட்டைவிட்டு நகர்ந்ததே இல்லை என்கிறார். இன்னொருவர் டிவியில் வட்டம் போட்டதுமே அட்லாண்டாவில் ஹோட்டல் புக் செய்துவிடுவாராம். அப்பாவைக் கேட்கவே வேண்டாம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது அவரும் அம்மாவும் பண்ருட்டி வீட்டில்தான் இருந்தார்கள். விடிந்து பார்த்தால் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் "காத்துக்குப் பயந்து எவனாவது வீட்ட விட்டு ஓடுவானா" என்பது அவர் கட்சி.

கேட்டகரி எத்தனை என்றால் கிளம்ப வேண்டும்? இருப்பதென்றால் என்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும்? டார்ச், பேட்டரி, டப்பா உணவு என்று நெட்டில் பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. அது வேண்டாம். நம்மைப்போல வயதானவர்களையும் குழந்தைகளையும் ஃபிரிட்ஜ் நிறைய இட்லி மாவையும் வைத்துக்கொண்டு ஒரு புயலை வீட்டுக்குள் இருந்தே தாண்டியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெஸ்லி சேப்பல் வாசி:

வாங்க சகோ, ஊருக்கு நல்வரவு. முதலில் ஒன்று, கேட்டகரியை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும் சொல்வது. மணிக்கு 74 மைலில் தொடங்கி 157ஐத் தொட்டால் ஐந்து, அவ்வளவுதான். கடல் எவ்வளவு உள்ளே வரும், மழை எத்தனை அங்குலம் கொட்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். காற்றுக்கு வீட்டுக்குள் பதுங்கு, தண்ணீருக்கு ஓடு என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்.

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 26ஆம் தேதி ஹெலீன் புயல் வந்தது. டாம்பாவுக்கு வரவே இல்லை, நூறு மைலுக்கும் மேல் தள்ளிக் கடலிலேயே வடக்கே போய், ஃபுளோரிடாவின் கரை வளைகிற பிக் பெண்ட் பகுதியில் கரையேறியது. இங்கே காற்று ஏதோ பலமாக அடித்தது, அவ்வளவுதான். ஆனால் டாம்பா வளைகுடாவில் கடல் ஆறடிக்கு மேல் ஏறி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. இரண்டே வாரத்தில் மில்டன். மெக்சிகோ வளைகுடாவில் கேட்டகரி 5ஆக நின்று மிரட்டியது, டாம்பாவுக்கு நேராக வருகிறது என்றார்கள். கடைசியில் கொஞ்சம் தெற்கே விலகி அக்டோபர் 9 இரவு சியஸ்டா கீயில் 3ஆகக் கரையேறியது. கண்ணுக்கு வடபுறம் நாங்கள் மாட்டியதால் காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் வீசி, வளைகுடாத் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டு போனது. அதே புயல் சில மைல் வடக்கே ஏறியிருந்தால் நிலைமையே வேறு. வராத புயலில் வெள்ளம், வந்த புயலில் கடல் வற்றியது. இதில் கேட்டகரியை வைத்து என்ன முடிவு எடுப்பீர்கள்?

ஆகவே இன்றைக்கே டாம்பா அடங்கிய ஹில்ஸ்பரோ கவுண்டியின் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டு வெளியேற்ற மண்டலம் எது என்று பாருங்கள். ஏ முதல் ஈ வரை இருக்கிறது, ஏ என்றால் முதலில் கிளம்ப வேண்டியவர்கள். மில்டனுக்கு ஹில்ஸ்பரோவில் ஏ, பி இரண்டையும், எந்த மண்டலத்தில் இருந்தாலும் மொபைல் ஹோம்காரர்களையும் கிளம்பச் சொன்னார்கள். நியூ டாம்பாவில் நிறைய இடங்கள் எந்த மண்டலத்திலும் வராது. உங்களுடையதும் அப்படி என்றால், 2004 வீடு என்றால், வீட்டில் இருப்பது நியாயமான முடிவுதான். இன்னொன்று, வெளியேற்ற மண்டலம் வேறு, இன்சூரன்ஸ்காரர் சொல்கிற வெள்ள மண்டலம் வேறு. முன்னது கடல் ஏறுவதைப் பற்றியது. மில்டனில் கடலே எட்டாத வடக்கு டாம்பாப் பகுதிகளில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது, அதற்கப்புறம் ஆறுகள் சில நாள் கழித்துப் பெருகின. பக்கத்தில் ஹில்ஸ்பரோ ஆறு ஓடுகிறதா, வீட்டுக்குப் பின்னால் குளம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எப்போது என்ன நடக்கும் என்றால், தேசிய ஹரிக்கேன் மையம் காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு அறிக்கை விடும், கரை நெருங்கினால் நடுவிலும் வரும். அதை மட்டும் பாருங்கள். அந்த அறிக்கைப் படத்தில் வருகிற வெள்ளைக் கூம்பு புயலின் மையம் எங்கே போகலாம் என்பதற்குத்தான். கூம்புக்கு வெளியே இருந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தம் இல்லை, ஹெலீனே சாட்சி. வாட்ஸ்அப்பில் வருகிற, புயல் போகக்கூடிய பாதைகளைக் கோடு கோடாகக் காட்டும் நூடுல்ஸ் படங்களைப் பார்த்தால் ரத்த அழுத்தம் ஏறுவதுதான் மிச்சம். ஊரிலிருந்து சித்தப்பா பெரியம்மா எல்லாரும் தமிழ்ச் சேனலைப் பார்த்துவிட்டு போன் மேல் போன் போடுவார்கள். ஒரே குழுவில் "நலம், காலையில் எழுதுகிறேன்" என்று போட்டுவிட்டு போனை சார்ஜில் வைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வாட்ச், அதாவது புயல் வரலாம் என்ற முன்னறிவிப்பு, வந்தாலே பெட்ரோல் பங்க்கில் வரிசை தெரு வரை வந்துவிடும், அப்புறம் பங்க்கே வற்றிவிடும். ஆகவே ஆகஸ்ட் பிறந்தால் பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை. தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு ஒரு காலன், ஒரு வாரத்துக்கு. கடையில் பாட்டில் தீர்ந்துவிட்டதே என்று அலையாமல் இருக்கிற குக்கர், அண்டா, கூலர் எல்லாவற்றிலும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தோம். குளியல் தொட்டியை நிரப்பினோம், அது கழிப்பறைக்கு. லனாய் என்கிற பின்பக்கத் தாழ்வாரத்து நாற்காலி, பூந்தொட்டி, குழந்தைகள் சைக்கிள், துளசி மாடம் உட்பட எல்லாம் உள்ளே. வாசலில் இருக்கிற ஒரு சின்னத் தொட்டி அந்தக் காற்றில் பக்கத்து வீட்டுச் சன்னலைத் தேடிப் போகும்.

இட்லி மாவு கேட்டீர்கள் அல்லவா. கரண்ட் போனால் இங்கத்திய வெக்கையில் மாவு ஒரே நாளில் புளித்து வழியும். முதல் நாளே இருக்கிற மாவு முழுவதையும் இட்லியாக ஊற்றி, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வைத்துவிடுங்கள், ஒரு நாளைக்குத் தாங்கும். அப்புறம் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், அவல், பொரிகடலை, பருப்புப்பொடி. தேங்காய் பக்கமே போகாதீர்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் எலக்ட்ரிக் அடுப்பு, கரண்ட் போனால் வெந்நீர்கூட வைக்க முடியாது. வெளியே வைத்துச் சமைக்க ஒரு கேம்ப் அடுப்பு அவசியம். உள்ளே வைத்துப் பற்றவைக்காதீர்கள்.

மில்டன் கரையேறிய அன்று இரவு முழுக்க நாங்கள் இருந்தது மாஸ்டர் பெட்ரூம் அலமாரி அறையில். சன்னல் இல்லாத, வெளிச்சுவர் ஒட்டாத இடம் அது ஒன்றுதான். பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஹெல்மெட், எல்லாருக்கும் காலில் ஷூ, ஏனென்றால் கண்ணாடி உடைந்தால் இருட்டில் வெறுங்காலோடு நடக்க முடியாது. மற்ற எல்லா அறைக் கதவுகளையும் சாத்திவிட்டோம். காற்று ஊளையிடும் என்று நினைத்திருந்தேன், உண்மையில் ஒரே சீரான இரைச்சல், நடுநடுவே கூரை மேல் எதையோ இழுத்துப் போடுகிற மாதிரிச் சத்தம். டிரான்ஸ்ஃபார்மர்கள் வெடிக்கும்போது ஷட்டர் இடுக்கில் பச்சையும் நீலமுமாக வெளிச்சம் அடித்தது. வாசல் கதவின் அடியில் மழைநீர் பக்கவாட்டில் பீய்ச்சிக்கொண்டு வந்தது, துண்டுகளைத் திணித்து வாளியில் பிழிந்துகொண்டே இருந்தோம். காலையில் வேலி படுத்திருந்தது, கூரையில் ஓடு மாதிரி பதித்திருக்கிற ஷிங்கிள் சில போயிருந்தன, வேறொன்றும் இல்லை. திடீரென்று காற்று நின்றால் வெளியே ஓடி வராதீர்கள். கண் கடந்துகொண்டிருக்கலாம், அடுத்த பாதி எதிர்த்திசையிலிருந்து வரும்.

ஃபோர்ட் மையர்ஸ் குடும்பி:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனாலும் நான் மாற்றுக் கட்சி. வயதானவர்களும் இன்சுலினும் இருக்கிற வீட்டில் மண்டலம் எது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும். 2022இல் இயன் புயல் டாம்பாவுக்குத்தான் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 28 எங்கள் பக்கம் கேயோ கோஸ்டாவில் மணிக்கு 150 மைல் காற்றோடு ஏறியது. அதில் நேரடியாக உயிரிழந்தவர்களில் அதிகம் பேர் தண்ணீரில்தான் போனார்கள்.

நாங்கள் கிளம்பினோம், அட்லாண்டாவுக்கு அல்ல, ஆர்லாண்டோவுக்கு அந்தப் பக்கம் தெரிந்தவர் வீட்டுக்கு. நூற்றுக்கணக்கான மைல் ஓட வேண்டியதே இல்லை, கடலைவிட்டு உள்நாட்டில், நல்ல வீடாக இருந்தால் போதும். I-75 நெடுஞ்சாலையில் எல்லாரோடும் சேர்ந்து ஊர்ந்துகொண்டு, வழியில் பெட்ரோல் கிடைக்குமா என்று ஏங்கிக்கொண்டு போவது அதைவிட மோசம். இரண்டு நாள் முன்னதாகப் பகலில் கிளம்பினால் சுகம். கடைசி நேரத்தில் கிளம்புவதாக இருந்தால் அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கேட்டி அக்கா:

தம்பி, நான் ஹூஸ்டன் பக்கம், கேட்டி. ரெண்டு பேரும் புயலைப் பற்றியே பேசுகிறீர்கள். புயல் ஒரு ராத்திரி. எங்களைப் படுத்தியது அதற்கு அப்புறம் வந்த நாட்கள்தான்.

2024 ஜூலை 8 பெரில் புயல். வெறும் கேட்டகரி 1. மாட்டகோர்டா பக்கம் விடியற்காலையில் ஏறி நேராக ஹூஸ்டன் மேல் நடந்தது. வந்தது தெரியாமல் போய்விடும் என்று பலரும் அசட்டையாக இருந்தார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. ஜூலை மாத ஹூஸ்டன், காற்றில் ஈரம், இந்த ஊர் வீடுகள் ஏசியை நம்பிக் கட்டியவை, நம்ம ஊர் மாதிரி முற்றமோ வெண்டிலேட்டரோ கிடையாது, சன்னலைத் திறந்தாலும் காற்று வராது. என் மாமியார் அப்போது இங்கேதான் இருந்தார். புயலன்று நிம்மதியாகத் தூங்கியவர், மூன்றாம் நாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அவரைக் காரில் உட்காரவைத்து ஏசி போட்டுச் சுற்றினோம், கார் கராஜுக்கு வெளியே நிற்க வேண்டும், அது முக்கியம்.

இப்போது நாங்கள் வைத்திருப்பது சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், 2000 வாட். அதில் ஃபிரிட்ஜும், 5000 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு) சன்னல் ஏசி ஒன்றும், போன் சார்ஜும் ஓடும். ஒரே அறையைக் குளிரவைத்து எல்லாரும் பாய் போட்டு அங்கேயே படுப்பதுதான் திட்டம். வீடு முழுக்கக் குளிர வேண்டும் என்றால் பல ஆயிரம் டாலர், அது அவரவர் வசதி. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வெளியே இருக்க வேண்டும், புகை போகிற பக்கம் சன்னல் இருக்கக் கூடாது. மழை பெய்கிறதே என்று கராஜுக்குள் வைத்து, கதவைப் பாதி திறந்துவைத்தால் போதும் என்று நினைத்த குடும்பங்கள் தூக்கத்திலேயே போயிருக்கின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பேட்டரியில் ஓடுகிற அலாரம் ஒன்று இருபது முப்பது டாலர்தான். சுவர் பிளக்கில் ஜெனரேட்டரைச் செருகி வீட்டுக்கே கரண்ட் கொடுக்கிற வித்தையெல்லாம் வேண்டாம், கம்பம் ஏறுகிற லைன்மேன் உயிர் போய்விடும்.

அம்மா இன்சுலினுக்கு: திறக்காத பேனாக்கள் ஃபிரிட்ஜில். பயன்பாட்டில் இருப்பது பெரும்பாலான வகைகளில் 28 நாள் வரை வெளியே தாங்கும், ஆனால் 86 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள். கரண்ட் இல்லாத வீடு அதைத் தாண்டிவிடும். தண்ணீரில் நனைத்தால் குளிர்ந்தே இருக்கிற பை ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது, ஐஸ் வேண்டாம், வாங்கிவிடுங்கள். ஐஸ் மேலேயே நேராக வைத்து உறைய விட்டால் மருந்து கெட்டுவிடும். எந்த வகை எவ்வளவு தாங்கும் என்று மருந்துக்கடையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளின் சீட்டையும் பெயரையும் போனில் படம் எடுத்துவையுங்கள், இங்கத்திய டாக்டருக்கு அந்த பிராண்ட் பெயர் புரியாது, உள்ளே இருக்கிற மருந்தின் பெயர் வேண்டும்.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும். ஃப்ரீசரில் ஒரு கிண்ணம் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு காசை வையுங்கள். நீங்கள் வெளியூர் போய்விட்டுத் திரும்பும்போது காசு அடியில் உறைந்து கிடந்தால் உள்ளே இருந்தது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, அத்தனையையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பண்ருட்டிப் பலா:

எல்லாருக்கும் நன்றி. முகவரியைப் போட்டுப் பார்த்தேன், எந்த மண்டலத்திலும் இல்லை. ஆறும் தள்ளித்தான் இருக்கிறது. இருப்பது என்று முடிவு, ஆனால் அக்கா சொன்னபடி கரண்ட் திரும்ப நாளாகும் என்று தெரிந்தால் அம்மா அப்பாவை மட்டும் ஆர்லாண்டோவில் மனைவியின் தோழி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறோம். இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நம்ம வீடு கான்கிரீட்டு, இது என்ன அட்டப்பெட்டியா" என்று சுவரைத் தட்டிப் பார்க்கிறார். வீட்டை எப்படிச் சோதிப்பது? இன்சூரன்ஸ் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

சிவில் மாமா:

அப்பா தட்டிப் பார்த்தது சரியான சோதனைதான், சிரிக்காதீர்கள். பண்ருட்டி வீட்டுக்கு மேலே கான்கிரீட் தளம், அதன் எடையைக் காற்று தூக்காது. இங்கே சுவர் கான்கிரீட் பிளாக்காக இருந்தாலும் கூரை மரச்சட்டமும் ஷிங்கிளும். அதைக் காற்று மேலே இழுக்கும். 1992இல் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே பேட்டை பேட்டையாக வீடுகளைப் பிரித்துப் போட்ட பிறகுதான் விதிகளைத் திருத்தினார்கள், 2002இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டடச் சட்டம் வந்தது. உங்களுடையது 2004 என்பது நல்ல செய்தி. பரணில் ஏறி டார்ச் அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு சட்டத்தையும் சுவரோடு பிணைக்கிற தகரப் பட்டை இருக்க வேண்டும். நாலு பக்கமும் சரிந்த கூரையா, இரண்டு பக்கம் சரிந்து முக்கோணச் சுவர் தெரிகிற கூரையா என்றும் பாருங்கள், முன்னது காற்றுக்கு நன்றாகத் தாங்கும். இவற்றை உரிமம் உள்ளவரை வைத்துப் பரிசோதித்துச் சான்று வாங்கினால் பிரீமியத்திலும் தள்ளுபடி உண்டு.

வீட்டின் பலவீனமான இடம் கராஜ் கதவு. அது உள்ளே மடங்கினால் காற்று புகுந்து கூரையை அடியிலிருந்து தள்ளும். கதவின் உள்பக்கம் காற்றழுத்தத் தர ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் மாற்ற வேண்டிய முதல் பொருள் அதுதான். சன்னலில் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டுகிற வேலையில் பிரயோசனமே இல்லை, உடைந்தால் பெரிய பெரிய சில்லாக வந்து விழும்.

இன்சூரன்ஸ்: வீட்டுப் பாலிசி வெள்ளத்துக்குத் தராது. வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி, அரசுத் திட்டத்தில் வாங்கினால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், ஆக புயலுக்குப் பேர் வைத்த பிறகு ஓடிப் பயன் இல்லை. கட்டடத்துக்கு அதில் அதிகபட்சம் 250,000 டாலர். ஹரிக்கேன் டிடக்டபிள் தனி, பெரும்பாலும் வீட்டுக்கு எடுத்த காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். 400,000 டாலர் பாலிசி என்றால் முதல் 8,000 உங்கள் கையிலிருந்து. சில வேலி, சில ஷிங்கிள் போனதற்கெல்லாம் ஒன்றும் வராது. ஜூலைக்குள் வீட்டை அறை அறையாக, அலமாரிகளைத் திறந்து வீடியோ எடுத்து கிளவுடில் போட்டுவையுங்கள்.

வெஸ்லி சேப்பல் வாசி:

மாமா சொன்னதோடு ஒன்று. முன்பிருந்தவர்கள் கராஜ் மூலையில் அலுமினிய ஷட்டர் பலகைகளை அடுக்கி வைத்திருப்பார்கள், பாருங்கள். எந்தப் பலகை எந்தச் சன்னலுக்கு என்று எழுதியிருக்காது. வெயில் இறங்கிய ஒரு சனிக்கிழமை மாலை அப்பாவையும் சேர்த்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிப் பார்த்து மார்க்கரில் எண் போட்டுவிடுங்கள். அதற்கான விங் நட் (கையாலேயே திருகும் நட்) டப்பா எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள், புயல் அறிவித்த அன்று அந்த அளவு நட் எந்தக் கடையிலும் கிடைக்காது.